சித்தப்பாவின் நான்கு டயர்கள்

(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் பேரவைச் செயலாளர் மூன்று நாளாக என்னைத் துரத்துகிறார். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சிவில் பிரிவில் மட்டும் பதினோரு கவிஞர்கள் இருக்கிறார்கள். ஆகவே நான் டயரைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய காராக இருந்தாலும் அது ரோட்டைத் தொடுவது நாலே நாலு இடத்தில்தான். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. என்ஜின், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் என்ன வேலை செய்தாலும் அந்த உள்ளங்கை வழியாகத்தான் ரோட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

என் சித்தப்பா நாமக்கல்லில் டாக்ஸி ஓட்டுகிறார். சொந்த வண்டி. 2014 மாடல் டீசல் டிசையர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. (மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டைப் பார்த்தால் அப்படித் தோன்றாது!) அவர் வண்டிக்கு டயர் மாற்றும் நேரம் வந்தது. டயர் பள்ளத்துக்கு அடியில் அங்கங்கே குட்டியாக ஒரு ரப்பர் மேடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். காருக்கு அதற்குக் கீழே போகக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. சித்தப்பா வண்டியில் முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் மேட்டையே தேய்த்துவிட்டது. பின்னால் இரண்டும் சமம் ஆகப் போகிற நிலை.

முன் டயர் ஏன் இப்படி ஓரம் தேய்கிறது? அவருக்கு அடிக்கடி கொல்லிமலை சவாரி வரும். எழுபது கொண்டை ஊசி வளைவு. டீசல் டிசையர் அதன் பெட்ரோல் அண்ணனைவிடச் சுமார் நூறு கிலோ கனம். அந்தக் கனத்தில் பெரும்பகுதி மூக்கில் உட்கார்ந்திருக்கிற என்ஜின். இழுப்பதும் முன் சக்கரம், திருப்புவதும் முன் சக்கரம், பிரேக் அடித்தால் பாரம் முழுக்கச் சாய்வதும் முன் சக்கரத்தின் மேல். பாவம், நம் லேப் அட்டெண்டர் மாதிரி. எல்லா வேலையும் ஒருத்தர் தலையில்.

"மூணு வருஷமா படிக்கறயே, வா கண்ணு, ஒரு டயர் வாங்கறதுக்காவது ஆவுதான்னு பாக்கலாம்" என்று சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ரெக்கார்டு நோட்டில் எவ்வளவோ படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். இது வேறு பரீட்சை.

கடைக்குப் போவதற்கு முன்பே ஆளாளுக்கு யோசனை சொல்லியாகிவிட்டது. ஸ்டாண்டில் இருக்கிற ஓர் அண்ணன், "கொஞ்சம் பெரிய டயராப் போடு, ஒரு சுத்துல கூடத் தூரம் போகும், மைலேஜ் வரும்" என்றார். சித்தப்பா பையனுக்குப் பதினாறு இஞ்ச் அலாய் வீல் மேல் ஆசை. கடைக்காரர் தன் பங்குக்கு, "அண்ணா, உங்க சைஸ் ஸ்டாக் இல்லீங்க. 175/65 ஆர்14 இருக்குது. அதே பதினாலு ரிம்முக்கு நச்சுன்னு உக்காரும். வெலையும் கம்மி" என்றார். கொஞ்சம் குனிந்து, சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "மீட்டரும் கொஞ்சம் சேத்தே ஓடுமுங்க. உங்களுக்கு நல்லதுதானே?"

நான் ஒரு பில்லின் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டேன். நண்பர்களே, இது மூன்றாம் செமஸ்டர் கணக்குகூட இல்லை, ஏழாம் வகுப்புக் கணக்கு. சித்தப்பா வண்டியின் சொந்த டயர் 165/80 ஆர்14. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 165-ல் 80 சதவீதம் 132. ஆர் என்றால் ரேடியல். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். (ஒரே டயரில் மில்லிமீட்டரும் அங்குலமும் குடும்பம் நடத்துவதை வேறெங்கும் பார்க்க முடியாது.) பதினாலு அங்குலம் 355.6 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 264 கூட்டினால் 619.6 மி.மீ. இதுதான் டயரின் முழு உயரம்.

கடைக்காரர் சொன்ன 175/65 ஆர்14-க்கு இதே கணக்கு 583.1 மி.மீ. கிட்டத்தட்ட ஆறு சதவீதம் குட்டை. ரிம்மில் நச்சென்று உட்காரும், அது பொய்யில்லை. ஆனால் வண்டி 18 மி.மீ. தரையை நோக்கி இறங்கிவிடும். நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் அளவுக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கிற 82. இதுதான் பாரக் குறியீடு. யாரும் படிப்பதில்லை. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். சித்தப்பாவின் பழைய டயரில் இருந்தது 85, அதாவது 515 கிலோ. டயருக்கு நாற்பது கிலோ குறைகிறது. பெட்ரோல் என்ஜின் வைத்த சின்னக் காருக்குப் போதுமான டயர், நாலு பேரும் கேரியரில் மூட்டையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிற, மூக்குக் கனத்த டீசல் வண்டிக்கு எப்படிப் போதும்?

இதையெல்லாம் சொன்னபோது சித்தப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அதுசரி, மீட்டர் எவ்வளவு சேத்து ஓடும்?" என்றார்.

மீட்டருக்குத் தூரம் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் அதற்குத் தெரியும். ஒரு சுற்று ஏறக்குறைய 1.95 மீட்டர் என்று தொழிற்சாலையில் சொல்லிக் கொடுத்ததை நம்பிக்கொண்டு பெருக்கிக் காட்டுகிறது. டயர் குட்டையானால் அதே தூரத்துக்குச் சுற்று கூடும். உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 106 காட்டும். ஆப் டாக்ஸியில் செல்போன் ஜி.பி.எஸ். கணக்குப் போடுகிறது. சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு மீட்டர்தான் பில்.

சித்தப்பாவின் சவாரிகளில் ஒன்று, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குச் சேலம் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது. போக வர, வீட்டு வாசல் வரை 110 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 14 ரூபாய். "அவருக்கு எவ்வளவு ஆகும், பாரு" என்றார். பார்த்தேன். ஒரு நடைக்கு 7 கிலோமீட்டர் கூட ஓடும், 98 ரூபாய். மாதம் எட்டு நடை, 784 ரூபாய்.

"அந்த மனுசன் ஒரு நாள் மீட்டரை எட்டிப் பாத்ததில்லைடா. நாஞ் சொல்றதுதான் கணக்கு" என்றார் சித்தப்பா. கடைக்காரரிடம் திரும்பி, "அது வேண்டாமுங்க, எங்க சைஸே வரவழைச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆளுக்குக் கோபம் எல்லாம் இல்லை. அவர் குரல் எப்போதுமே அப்படித்தான்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். பட்டன் தேயத் தேய டயர் தானாகவே கொஞ்சம் குட்டையாகிறது. மொட்டை டயரில் மீட்டர் ஒன்றிரண்டு சதவீதம் கூடவே ஓடும். இதைச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அன்று ராத்திரி முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, ஸ்டாண்டு அண்ணன் சொன்ன பெரிய டயர்? 195/65 ஆர்15 போட்டால் உயரம் 634.5 மி.மீ., இரண்டரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக நெட்டை. இப்போது மீட்டர் குறைத்து ஓடும், நட்டம் சித்தப்பாவுக்கு. முள் 80-ல் நிற்கும்போது வண்டி 82-ல் போகும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது வேகமானி விதிகளின் அடிப்படை. இன்னொன்று டீசலுக்கே உரியது. இந்த 1248 சி.சி. என்ஜினின் உச்ச முறுக்குவிசை 190 நியூட்டன் மீட்டர், 2000 ஆர்.பி.எம்.மில். அதற்குக் கீழே டர்போ தூங்குகிறது. ஓட்டினவர்களுக்குத் தெரியும். டயர் நெட்டையானால் கியர் எல்லாமே கொஞ்சம் நீண்டுவிட்ட மாதிரி. கொண்டை ஊசியில் செகண்ட் கியரில் திரும்பும்போது ஏற்கெனவே திணறுகிற வண்டி இன்னும் கொஞ்சம் திணறும். ஃபர்ஸ்ட் கியருக்குப் போக வேண்டிவரும். மைலேஜ் அங்கேயே போயிற்று.

தம்பியின் பதினாறு இஞ்ச் அலாய்க்கு வருகிறேன். 195/55 ஆர்16. கணக்குப் போட்டால் 620.9 மி.மீ.! சொந்த டயருக்கும் இதற்கும் 1.3 மி.மீ.தான் வித்தியாசம். தம்பி துள்ளினான். "பாத்தியா அண்ணா, உன் கணக்கே ஓகே சொல்லுது!" உண்மைதான். ஆனால் உயரம் சரியாக வந்தால் எல்லாம் சரியாகிவிடாது. பக்கச்சுவர் 132-லிருந்து 107 மி.மீ.க்கு இறங்குகிறது. மலை ரோட்டுக் குழியில் இறங்கினால் அடியை வாங்கிக்கொள்ள அந்த இரண்டரை சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும் இருக்காது, ரிம் வாங்கும். மேலும் வெளிக்கடை அலாய் என்றால் நட்டு வட்டம் 4-க்கு 100 மி.மீ. சரியாக இருக்க வேண்டும். நடு ஓட்டை ஹப்பின் 54.1 மி.மீ.க்குப் பொருந்த வேண்டும், பெரிதாக இருந்தால் நடுவில் வளையம் போட வேண்டும். ரிம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், தள்ளி நின்றால் பேரிங்குக்குக் கேடு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லியிருப்பதையும் தம்பியிடம் சொன்னேன். மஞ்சள் போர்டு வண்டி, வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போக வேண்டிய வண்டி. தம்பி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நியாயமான போட்டி கடைசியில் இரண்டு அளவுக்கு இடையில்தான். ஒன்று பழைய 165/80. இன்னொன்று 185/70 ஆர்14. இதன் உயரம் 614.6 மி.மீ., ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. பாரக் குறியீடு 88, அதாவது 560 கிலோ. வண்டியின் அதே ஐந்து அங்குல ரிம்முக்குப் பொருந்தும். முதல் தலைமுறை டிசையரின் உயர் ரகத்தில் கம்பெனியே போட்டுக் கொடுத்த அளவு. (பின்னால் வந்த தலைமுறையின் உயர் ரகத்தில் 185/65 ஆர்15, அதன் உயரம் 621.5. ஆனால் அதற்குப் புது ரிம் நாலு வாங்க வேண்டும்.) நான் 185/70 பக்கம். அகலமான டயர், மழையில் மலை இறங்கும்போது பிடிமானம் கூடும். சித்தப்பா, "ஸ்டியரிங் கனமாகும், டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், டயரும் வெலை ஜாஸ்தி. நான் ஒரு நாள் ஓட்டறதில்லைடா, தெனமும் ஓட்டறேன்" என்றார். இரண்டு பேர் சொல்வதும் சரி. பணம் அவருடையது. 165/80 என்று முடிவாயிற்று.

அடுத்த தகராறு, நாலும் மாற்றுவதா, முன் இரண்டு மட்டுமா என்பது. பின் டயரில் இன்னும் ஐயாயிரம் ஓடும் என்பது சித்தப்பாவின் கணக்கு. இரண்டு மட்டும் மாற்றினால் புதுசைப் பின்னால் போட வேண்டும், பழசு முன்னால் வர வேண்டும் என்றேன். கடையில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இழுக்கிற சக்கரம், திருப்புகிற சக்கரம் முன்னால் இருக்க, புதுசைப் பின்னால் போடுவதா? காரணம் இதுதான். ஈர ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம். கொல்லிமலை வளைவில் பம்பரம் விட இடம் கிடையாது. ஆனால் சித்தப்பாவின் முன் டயர்கள் எங்கும் போடத் தகுதியில்லை, பின் டயர்களை முன்னால் கொண்டுவந்தால் அவையும் சீக்கிரம் தீரும். ஆக நாலும் புதுசு.

மூன்று நாள் கழித்து டயர் வந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, நாலும் ஒரே பட்டன் டிசைனா, தேதி என்ன என்று பார்த்தோம். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3223 என்றால் 2023-ம் ஆண்டின் 32-வது வாரம் செய்தது. வந்ததில் ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட ஒன்றரை வருஷம் மூத்தது. மாற்றித் தரச் சொன்னோம், முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்கள். டியூப்லெஸ் வால்வு நாலும் புதுசு போட்டோம். சின்னக் காசுதான், இதைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். பிறகு பேலன்சிங், அலைன்மெண்ட். நைட்ரஜன் அடிக்கட்டுமா என்று பையன் கேட்டான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே தம்பி என்றேன். கடைசியில் காற்று, டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ளபடி. அந்த ஸ்டிக்கரைச் சித்தப்பா இத்தனை வருஷமும் சர்வீஸ் ஸ்டிக்கர் என்றே நினைத்திருந்தாராம்.

இப்போது ஸ்டாண்டில் இருக்கிற மற்ற டிரைவர்கள் தங்கள் டயர் நம்பரைச் சித்தப்பாவின் டிரிப் ஷீட் நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதி அனுப்புகிறார்கள். பெரிய டயர் சிபாரிசு செய்த அண்ணனுடையதும் அதில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறேன். 185/70 விஷயம் மட்டும் எங்கள் இருவருக்குள் இன்னும் தீரவில்லை. "ஐப்பசி மழை வரட்டும், காரவள்ளி எறக்கத்துல பிரேக் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறார் சித்தப்பா.