சுண்ணாம்பில் ஒட்டிய பச்சை

ரஷ்ய மொழியில் 'ஸ்வெத்' என்றால் நிறம். மிகயீல் ஸ்வெத் என்ற தாவர சாஸ்திரி, 1906-இல் வார்ஸாவிலிருந்து தம் சோதனையை எழுதினார். கண்ணாடிக் குழாயில் சீமைச் சுண்ணாம்புத் தூளைத் திணித்து, பெட்ரோலிய ஈதரில் கரைத்த இலைச் சாற்றை மேலே விட்டால், நாம் ஒரே பச்சை என்று எண்ணுவது வளையம் வளையமாகப் பிரிந்து நிற்கிறதாம்!

கதை எழுதுகிறவனுக்கு இது பிடிக்காமல் போகுமா? கூட்டுக் குடும்பத்தை வேறு எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மூலக்கூறில் மின்சாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். கரோட்டீனில் ஆக்ஸிஜனே கிடையாது; பற்றற்ற சந்நியாசி மாதிரி முதலில் இறங்கிவிடுகிறது. குளோரோபில் 'ஏ'யும் 'பி'யும் அண்ணன் தம்பிகள். அண்ணனிடம் இரண்டு ஹைட்ரஜன் இருக்கும் ஒரு மூலையில் தம்பியிடம் ஓர் ஆக்ஸிஜன். அவ்வளவுதான் வித்தியாசம், தம்பி மேலேயே தங்கிவிடுகிறான். வளையம் நிற்கும் உயரத்தைக் கொண்டே யாருக்கு எவ்வளவு ஒட்டுதல் என்று சொல்லிவிடலாம். ஈதரில் கொஞ்சம் ஆல்கஹாலைக் கலந்தீர்களோ, போச்சு! எல்லோரும் ஒன்றாக இறங்கிவிடுவார்கள்.

அந்தக் காலத்து ரசாயனிகள் பலர் ஸ்வெத்தை நம்பவில்லை. 1919-இல், நாற்பத்தேழாவது வயதில், அவர் கண்ணை மூடினார். கரோட்டீனைப் பிரிப்பதற்காக ஹைடல்பர்க்கில் மறுபடி அந்தக் குழாயைக் கையில் எடுத்தது 1931-இல்.