உப்புக் காற்றும் ஃபோர்க் பைப்பும்

“முன் ஷாக் ஒழுகுதுண்ணே, ஆயில் சீல் மட்டும் மாத்திடுங்க.” பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் சொல்வது இதைத்தான். ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, பழைய புல்லட், எதுவானாலும் இதே வார்த்தைதான். சீல் வழியாகத்தான் ஒழுகுகிறது என்பது உண்மை. ஆனால் புதுச்சேரியில் சீல் தானாகக் கெட்டு ஒழுகும் வண்டியைவிட, சீல் உரசி ஓடும் ஃபோர்க் பைப்பே சீலை அறுத்து ஒழுகவைக்கும் வண்டியைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் முதலில் பைப்பைப் பார்க்கிறேன். புது சீலைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குத் தடுப்பு போட்டால் மறுநாள் காலை 7.30க்குத்தான் எடுப்பார்கள். அந்த நேரத்தில் காற்று வாங்க வருகிறவர்களின் வண்டிகளெல்லாம் துய்மா வீதியிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் வரிசையாக நிற்கும். குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் வீட்டு வாசலே கடலுக்கு முகம் காட்டியபடி இருக்கிறது. இரவெல்லாம் ஈரத்தோடு வரும் உப்பு பைப்பின் மேல் படிகிறது. காலையில் வெயில் பட்டு ஈரம் போய்விடும், உப்பு மட்டும் தங்கிவிடும்.

ஃபோர்க் பைப்பின் மேல் இருப்பது ஹார்டு குரோம். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் அதில் மிக நுண்ணிய விரிசல்கள் இயல்பாகவே உண்டு. எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை கவலையில்லை. பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் அந்தப் படலம் காய்ந்துவிடும். உப்பு ஈரம் விரிசல் வழியாக அடியில் உள்ள இரும்பைத் தொடும். துரு உப்பி குரோமைக் கீழிருந்து மேலே தள்ளும். அங்கே ஒரு சின்னப் புள்ளி, புள்ளியைச் சுற்றி மேலெழுந்த விளிம்பு. சீலின் உதடு ரப்பர். ஒவ்வொரு குழியில் வண்டி இறங்கி ஏறும்போதும் அந்த விளிம்பு அதை உரசுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலாக இருந்தாலும் இதைத் தாங்காது.

புள்ளியைக் கண்ணால் மட்டும் தேடக் கூடாது. பைப்பை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு நகத்தை மேலிருந்து கீழாக இழுக்கிறேன், பிறகு சுற்றிவர இழுக்கிறேன். கொஞ்சம் பஞ்சை எடுத்து வருடினால் இன்னும் தெளிவாகத் தெரியும். விளிம்பு இருக்கும் இடத்தில் பஞ்சு நூல் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் பைப்பின் முன்பக்கத்தில்தான் புள்ளி இருக்கும். சாலை நீரும் மணலும் அடிக்கும் பக்கம் அது.

புள்ளி எங்கே இருக்கிறது என்பதே வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது. ஃபோர்க் அமுங்கும்போது கீழ்க்குழாய் மேலே ஏறுகிறது, சீலும் அதோடு ஏறுகிறது. யூசிஇ எஞ்சினோடு வந்த கிளாசிக் 350இல் பைப் 35 மி.மீ. விட்டம், ஃபோர்க்கின் பயணம் 130 மி.மீ. அப்படியானால் சீலுக்கு மேலே அந்த 130 மி.மீ. தூரம்தான் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் டி-ஸ்டெம் பிடிக்குள் போகும் பகுதியில் துரு இருந்தால் அழகு கெடும், எண்ணெய் ஒழுகாது. பைப்பில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிச் சீலை ஒட்டி இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால், சீல் எதுவரை வருகிறது என்று அதுவே காட்டிவிடும். பயணத்துக்குள் ஒன்றிரண்டு சின்னப் புள்ளி மட்டும் இருந்தால் நுண்ணிய ஈர உப்புத்தாளால் விளிம்பைத் தணித்து, குழியை அரால்டைட் வைத்து அடைத்து, காய்ந்ததும் பிளேடால் மட்டம் பார்க்கலாம். கூட்டமாகப் புள்ளி இருந்தால் அந்த வேலையில் இறங்குவதே வீண்.

அந்த நிலையில் உள்ள பைப்பைச் சிலர் சைலன்சர் பளபளக்கவைக்கும் கடையில் கொடுத்து முலாம் போட்டு வாங்குகிறார்கள். பார்க்கப் புதிது போலவே இருக்கும். அது அலங்கார குரோம், உரசலுக்குச் செய்ததல்ல. சீக்கிரமே உரிந்து, உரிந்த தகடே சீலைக் கிழிக்கும். ஹார்டு குரோம் செய்பவர்கள் பழைய முலாமை எடுத்து, பைப்பைக் கிரைண்ட் செய்து, தேவைக்கு மேல் தடிமனாக முலாம் ஏற்றி, மறுபடி கிரைண்ட் செய்து பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். அம்பத்தூர்ப் பக்கமோ கோயம்புத்தூருக்கோ அனுப்பினால் நாள் பிடிக்கும், செலவும் பிடிக்கும். ஆர்எக்ஸ் 100 வந்தது 1985இல், நின்றது 1996இல். கடைசியாக வந்த வண்டிக்கே இன்று முப்பது வயதை ஒட்டுகிறது. சந்தையில் கிடைக்கும் மாற்று பைப்புகளில் குரோம் மெல்லிசாக இருப்பதைப் பார்க்கிறேன். கம்பெனி பைப் வளையாமல் இருந்தால் அதைக் காப்பாற்றுவதே சரி என்பது என் கட்சி.

வளைவை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். இரண்டு பைப்பையும் தடித்த கண்ணாடிப் பலகை மேல் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒன்றை மெல்ல உருட்டினால், வளைந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்து மறையும். சந்தேகம் இருந்தால் லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்வேன். யமஹா கையேடுகள் பொதுவாக 0.2 மி.மீ.க்கு மேல் வளைந்த பைப்பை ஒதுக்கச் சொல்கின்றன. வளைந்ததைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தரும் ஆட்கள் உண்டு. நான் அதற்குக் கொடுப்பதில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்பு அது, ஒருமுறை வளைந்து நிமிர்ந்ததை நம்பி ஒருவரை ஈசிஆரில் அனுப்ப எனக்கு மனம் வராது.

பிரிப்பதில் வரிசை முக்கியம். எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றியதும், மேல் பிடியின் போல்ட்டை மட்டும் தளர்த்தி, கீழ்ப்பிடி பைப்பை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே மேல் மூடியை இளக்கிக்கொள்ள வேண்டும். பைப்பை வெளியே எடுத்துவிட்டு மூடியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் வைஸில் பைப்பைக் கடித்துப் பாழாக்குகிறார்கள். மூடிக்கு அடியில் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், கடைசி மரை வரும்போது துணி போட்டு உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான ஜப்பானிய அமைப்பு வண்டிகளில் அடியிலிருந்து ஓர் ஆலன் போல்ட் உள்ளே இருக்கும் டேம்பர் ராடைப் பிடித்திருக்கும். போல்ட்டைத் திருப்பினால் ராடும் கூடவே சுற்றும். கம்பெனிக் கருவி இல்லாவிட்டால், நுனியைக் கூம்பாகச் சீவிய சவுக்குக் கம்பை மேலிருந்து இறக்கி ராடின் தலையில் தட்டி இறுக்கினால் போதும். சவுக்கு இந்தக் கரையில் எங்கும் கிடைக்கும். கெட்டியான மரம், ஆனால் இரும்பைக் காயப்படுத்தாது.

வடிகிற எண்ணெயை நான் வெள்ளைத் தட்டில்தான் பிடிக்கிறேன். சாம்பல் நிறமாக, விரலில் தேய்த்தால் மினுக்குகிறது என்றால் அது கீழ்க்குழாயின் அலுமினியம். சின்ன வண்டிகள் பலவற்றில் தனி புஷ் கிடையாது, பைப் நேரடியாக அலுமினியக் குழாய்க்குள்தான் ஓடுகிறது. அது தேய்ந்து ஆட்டம் கண்டால் சீல் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் திறக்கும். இந்த ஆட்டத்தை ஸ்டியரிங் பேரிங்கான கோன் செட்டின் ஆட்டம் என்று நினைத்து ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது, பைப்பும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில் ஒருவர் விரல் வைத்துப் பார்த்தால் எந்த ஆட்டம் என்பது தெரிந்துவிடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க ராணுவமே வர வேண்டியிருந்தது. ரெயின்போ நகர் போன்ற தாழ்ந்த இடங்களில் வண்டிகள் நீரில் நின்றன. நீர் வடிந்ததும் எல்லாரும் எஞ்சின் ஆயிலை மாற்றினார்கள், கார்ப்பரேட்டரைக் கழுவினார்கள், பிளக்கைத் துடைத்தார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். ஃபோர்க்கைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. டஸ்ட் சீல் தூசியைத் தடுக்கச் செய்தது, மணிக்கணக்கில் நிற்கும் நீரை அல்ல. ஃபோர்க்குக்குள் எண்ணெய்க்கு மேல் காற்று இருக்கிறது. குளிர்ந்த நீர் சூழும்போது அந்தக் காற்று சுருங்கும், தளர்ந்த சீல் வழியாக நீரை உள்ளே இழுக்கும். பல மாதம் கழித்து வேறு வேலைக்கு வந்த வண்டிகளில் அடி போல்ட்டைக் கழற்றியபோது பால் கலந்த காபி நிறத்தில் எண்ணெய் வந்தது. ஸ்பிரிங் முழுக்கத் துரு, ராடின் ஓட்டைகளில் சேறு. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு, ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும், ஃபோர்க் எண்ணெயை வடித்துப் பார்த்தே ஆக வேண்டும். வடகிழக்குப் பருவம் ஒவ்வொரு வருஷமும் வருகிற ஊரில் இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

எண்ணெய் விஷயத்தில்தான் அதிகமான தப்பெண்ணங்கள். ஹைட்ராலிக் முறையில் அடக்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கைத் தயாரிப்பு வண்டியில் பிஎம்டபிள்யூ கொண்டுவந்தது 1935இல். அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை ஒன்றுதான். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், எண்ணெய் சின்ன ஓட்டைகள் வழியாகப் பிதுங்கி ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். ஓட்டை வழியாகப் போகும் வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் “ஷாக் கெட்டியா இருக்கட்டும்” என்று தடித்த எஞ்சின் ஆயிலை ஊற்றினால், மெதுவாக ஏறி இறங்கும்போது சுகமாகத் தெரியும். ஈசிஆரில் பார்க்காமல் ஒரு வேகத்தடையில் ஏற்றினால் எண்ணெய் போக வழியில்லாமல் அடி நேராக மணிக்கட்டில் இறங்கும். இன்னும் சிலர் அளவைக் கூட்டி ஊற்றுகிறார்கள். மேலே உள்ள காற்றுக்கு இடம் குறைந்தால் அமுங்கும்போது அழுத்தம் ஏறி, நேற்று போட்ட சீலையே வெளியே தள்ளும்.

கையேட்டில் சொன்ன தடிமன், சொன்ன அளவு, ஃபோர்க்கின் இரண்டு காலிலும் ஒரே மட்டம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, பைப்பின் மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை அளக்க வேண்டும். கூடுதலை ஊசி சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கலாம். அதற்கு முன் காலைப் பலமுறை மெல்ல ஏற்றி இறக்கி உள்ளே சிக்கிய காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். ஒரு கால்தான் ஒழுகுகிறது, ஒன்றை மட்டும் செய்யுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் மறுப்பு சொல்வது இதனால்தான். ஒரு பக்கம் புது எண்ணெய், மறுபக்கம் பழைய சேறு என்றால் இரண்டு கால்களும் ஒரே வேகத்தில் அசையாது.

பழைய புல்லட் தனி ஜாதி. 1955இலிருந்து திருவொற்றியூர்த் தொழிற்சாலையோடு பிணைந்துபோன அந்த வண்டியில் பைப்பின் மேல் முனை, ஹெட்லைட்டையும் மீட்டரையும் தாங்கும் அலுமினிய வார்ப்புக்குள் மரையோடு ஏறியிருக்கிறது. உப்புக் காற்று பட்ட ஊரில் இரும்பு மரையும் அலுமினிய மரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கீழ்ப்பிடியை முழுக்கத் தளர்த்தாமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடாமல் திருகினால் மரை வார்ப்போடு உரிந்து வரும். அந்த வார்ப்பு போனால் வண்டியின் முகமே போயிற்று. பைப்பைத் தகட்டு உறை மூடியிருப்பதால் குரோமுக்கு நல்லது, ஆனால் ஒழுகலும் வெளியே தெரியாது. முன் பிரேக் பிடிப்பு குறைந்த பிறகுதான் டிரம்முக்குள் எண்ணெய் இறங்கியதே தெரியவரும்.

சீலை இறக்குவதற்கு முன் பைப் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, சீல் உதட்டில் ஃபோர்க் எண்ணெய் தடவிக்கொள்கிறேன். பொருத்தமான பிவிசி குழாயை மேலே வைத்துச் சமமாகத் தட்டினால் கோணாமல் உட்காரும். சர்க்ளிப் தன் பள்ளத்தில் முழுக்க அமர்ந்ததா என்று சுற்றிவரத் தொட்டுப் பார்க்க வேண்டும். கடைசியில் ஆக்சிலை இறுக்கிய உடனே அதன் பிடி போல்ட்டை இறுக்கக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நன்றாகப் பலமுறை அமுக்கிவிட்டால் இரண்டு கால்களும் தம் இடத்தைத் தேடி நேராகும். அதற்குப் பிறகுதான் பிடி போல்ட். இல்லாவிட்டால் ஒரு கால் இன்னொன்றை இழுத்துப் பிடித்தபடியே ஓடும், சீல் ஒரு பக்கமாகத் தேயும்.

வண்டியை எடுத்துப்போகிறவரிடம், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் பைப்பைத் துடையுங்கள், காய்ந்ததும் ஒரு சொட்டு ஃபோர்க் எண்ணெயைத் தடவுங்கள் என்கிறேன். ரப்பர் பூட் போட்ட வண்டி என்றால் பூட்டைத் தூக்கி உள்ளே துடைக்க வேண்டும், உப்புத் தண்ணீர் அதற்குள்தான் தங்கும். பிறகு ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்கிறேன். பிடி போல்ட்டுகளை மறுபடி பார்ப்பேன், அடிபோல்ட்டின் காப்பர் வாஷரில் கசிவு இருக்கிறதா பார்ப்பேன், பைப்பை விரலால் தடவுவேன். விரலில் ஒட்டும் மெல்லிய பிசுக்கு இருக்கத்தான் வேண்டும், அந்தப் படலத்தின் மேல்தான் சீல் ஓடுகிறது. துடைத்த பிறகும் வளையமாகத் திரண்டு நின்றால் மறுபடி பிரிக்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.