கடல் வரை மிதிவண்டியில்

கோடை விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல் என்று மலையை நாடுவதே நம் குடும்பங்களின் வழக்கம். சென்ற மே மாதம் நாங்கள் மலையேறவில்லை. தஞ்சையிலிருந்து கோடியக்கரை வரை மிதிவண்டியில் சென்று வந்தோம். செலவு குறைவு என்று அயலாரிடம் காரணம் சொன்னோம். உண்மைக் காரணம் வேறு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் நாங்கள் எதிர்பார்த்த மதிப்பெண் பெறாத எங்கள் மகன், முடிவு வெளியான நாள் முதல் எங்களோடு பேசுவதையே நிறுத்தியிருந்தான்.

நான்கு மிதிவண்டிகள், ஒரு துணிக்கூடாரம், கொசுவலை, கொஞ்சம் அரிசி, பருப்பு. விடியுமுன் புறப்படுவது, பத்து மணிக்குள் நிழலில் ஒதுங்குவது, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் ஓட்டுவது. சமவெளியாதலால் பத்து வயது மகளும் களைப்பின்றி வந்தாள்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய மாதத்தில் ஆறுகள் மணற்பரப்பாகவே கிடக்கும். அறுவடையான வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். வடுவூர் ஏரியைக் கண்டதும், "பறவைகள் எங்கே?" என்று மகள் முகம் வாடினாள். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. ஆனால் அதன் விருந்தாளிகள் மழைக்குப் பின்னரே வருவார்கள். காலம் அறியாமல் வந்தது எங்கள் பிழை.

முத்துப்பேட்டையில் படகேறி அலையாத்திக் காட்டைக் கண்டோம். சேற்றிலிருந்து மேல்நோக்கி நீளும் மூச்சுவேர்களை மகன் நெடுநேரம் பார்த்திருந்தான். அன்றிரவு பங்குத்தந்தையின் அனுமதியோடு ஒரு சிற்றூர்ப் பள்ளியின் வேப்பமரத்தடியில் கூடாரமிட்டோம்.

மறுநாள் வேதாரண்யத்தைக் கடந்து அகஸ்தியன்பள்ளி உப்பளங்களினூடே சென்றோம். 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த மண் அது. அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கையில் ஒரு சக்கரம் காற்றிழந்தது. ஒட்டுவதற்கு வேண்டியவை இருந்தன. காற்றடிக்கும் பம்பு இல்லை. அதை எடுத்துவைக்கும் பொறுப்பு மகனுடையது, வேப்பமரத்தடியிலேயே மறந்துவிட்டான். "எதில்தான் உனக்குப் பொறுப்பு இருக்கிறது?" என்ற சொல் எங்கள் வாயிலிருந்து விழுந்தது. அது பம்பைப் பற்றிய சொல் அன்று என்பது அவனுக்கும் தெரியும்; எங்களுக்கும் தெரியும்.

நிழலற்ற வெளி. குடிநீரும் தீர்ந்திருந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைத் தம் கீற்றுக்கொட்டகைக்கு அழைத்தார். தொலைவிலிருந்து சுமந்து வந்த குடத்து நீரை அவர் மனைவி குவளை குவளையாக வார்த்தார். பம்பு வாங்கிவர ஆளனுப்பிவிட்டு முதியவர் மகனிடம் பாத்தியைக் காட்டினார்: "பாருங்க தம்பி, உப்பு தானா விளையணும். அவசரப்பட்டு வாரினா சேறும் சேர்ந்து வந்துடும்." அவனிடம் சொன்னார், எங்களுக்குத்தான் உறைத்தது.

கோடியக்கரையில் 1967 முதல் சரணாலயம் இருக்கிறது. உள்ளே கூடாரமிட இயலாதாகையால் ஊருக்குள் தெரிந்தவரின் தென்னந்தோப்பில் தங்கினோம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் இடத்தில் இளங்கன்றுகள் நின்றன. மாலையில் புல்வெளியில் வெளிமான் கூட்டம் மேய்ந்தது. முறுக்கிய கொம்புடைய கருங்கலை ஒன்று தலைநிமிர்ந்து எங்களைப் பார்த்தது. அப்போது நாங்கள் மகனிடம், காலையில் பேசியது தவறு என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தவன், "நீங்கள் சொன்ன படிப்பை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. அதைச் சொல்லப் பயந்தேன்" என்றான்.

இரண்டாண்டுகளாக ஒரே கூரையின்கீழ் இருந்தும் நாங்கள் அதைக் கேட்டதில்லை. மதிப்பெண்ணைக் கேட்டோம், மனத்தைக் கேட்கவில்லை.

இப்போது அவன் தாவரவியல் படிக்கிறான். மூச்சுவேர்களைப் பற்றி உணவு வேளையில் ஓயாமல் பேசுகிறான். வடுவூர்ப் பறவைகளைக் காண மார்கழியில் மீண்டும் செல்லவேண்டும் என்கிறாள் மகள். பம்பை இம்முறை நாங்களே எடுத்துவைப்பதாக வாக்களித்திருக்கிறோம்.