நலம் தரும் நடை

நோய் உடலை விட்டு நீங்கும் நாளும், உடல் பழைய வலிமையைப் பெறும் நாளும் ஒன்றல்ல. காய்ச்சல் தணிந்து, "இனி வீட்டிற்குச் செல்லலாம்" என்று மருத்துவர் கூறிய பிறகும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்; சிறிது தொலைவு நடந்தால் கால்கள் தளரும். இதற்குக் காரணம் நோய் மட்டுமன்று. படுத்தே கிடந்த நாள்களும் காரணமாகும்.

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஓர் ஆய்வு நடைபெற்றது. இருபது வயதுடைய, நோயற்ற ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அதன் முடிவில், கடுமையாக உழைக்கும்போது உயிர்வளியைப் பயன்படுத்தும் அவர்களது திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பின்னர் சில வாரங்கள் முறையாகப் பயிற்சி செய்து, இழந்ததை அவர்கள் மீட்டனர். இளைஞர்க்கே இந்நிலை எனில், நோயுற்ற முதியோர் நிலையைக் கூற வேண்டுவதில்லை. ஆயினும் இழந்த வலிமையை மீட்க இயலும் என்பதே இவ்வாய்வு தரும் நற்செய்தி.

இவ்வுண்மையைக் காசநோய் மருத்துவர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். காசநோயை அழிக்கும் மருந்து கண்டறியப்படாத காலம் அது. தூய காற்று, சத்துள்ள உணவு, ஓய்வு ஆகிய மூன்றையுமே அன்று பெரிதும் நம்பினர். அதற்காக ஊருக்கு வெளியே, உலர்ந்த காற்று வீசும் மேட்டு நிலங்களில் காசநோய் இல்லங்களை அமைத்தனர். அவற்றுள் ஒன்று, அன்றைய சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளிக்கு அருகில் 1915ஆம் ஆண்டு உருவான ஆரோக்கியவரம் மருத்துவ இல்லமாகும். டென்மார்க் நாட்டைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்தியன் ஃப்ரிமோட் மொல்லர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது.

இத்தகைய இல்லங்களில் ஓய்வுக்கு அளவு இருந்ததுபோல நடைக்கும் அளவு இருந்தது. இங்கிலாந்தின் ஃபிரிம்லி என்னும் இடத்தில் மார்க்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். நோயாளி முதலில் சிறிது தொலைவே நடப்பார். உடல் தாங்கினால் தொலைவு கூடும். படிப்படியாக நாளொன்றுக்குப் பத்து மைல் வரையும் செல்லும். உடல் வெப்பம் ஏறினால் நடை நிறுத்தப்படும். நோயாளி மீண்டும் படுக்கைக்கு அனுப்பப்படுவார். உடல் தாங்கும் அளவே நடையின் அளவு என்பது இம்முறையின் அடிப்படை.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. முறையாக மருந்து உண்டால், நெருக்கடியான எளிய வீட்டிலிருந்தே மருத்துவ இல்லத்தில் இருப்போருக்கு இணையாகக் குணம் பெறலாம் என்று அம்மையம் மெய்ப்பித்தது. உலகெங்கும் காசநோய் இல்லங்கள் குறையத் தொடங்கின. எனவே ஒன்றை மறத்தலாகாது: காசநோயைக் குணப்படுத்துவது மருந்து, மெலிந்த உடலைத் தேற்றுவது உணவும் நடையும். "நன்றாக நடக்கிறேனே, இனி மாத்திரை எதற்கு?" என்று இடையில் நிறுத்தினால், நோய் மருந்துக்குக் கட்டுப்படாத வடிவில் திரும்பி வரக்கூடும்.

இன்றைய சித்தூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அறுபது வயதைக் கடந்த தாத்தா ஆறு மாத மருந்தை முடித்திருக்கிறார். நடக்கலாம் என மருத்துவரும் இசைவு தந்துவிட்டார். காலையில் பேத்தி உடன் வருகிறாள்.

"தாத்தா, இன்று எதுவரை?"

"அந்தப் புளியமரம் வரைக்கும் போதும், கண்ணு."

"சிந்த செட்டா?" என்று தெலுங்கில் கேட்கிறாள் பேத்தி. பள்ளியில் அவள் அறிந்த பெயர் அது. மாமரம் அவளுக்கு 'மாமிடி'; வேம்பு 'வேப்ப'. 'வேம்பும் வேப்பவும் அக்கா தங்கை' என்று தாத்தா சிரிக்கிறார்.

மருத்துவர் அவருக்கு எளிய அளவுகோல் ஒன்றைக் கற்பித்திருந்தார். நடக்கும்போது தடையின்றிப் பேச இயல வேண்டும். ஒரு தொடரை முடிக்குமுன் மூச்சு முட்டினால் உட்கார்ந்துவிட வேண்டும். எனவே பேத்தி அவரைப் பேச வைத்துக்கொண்டே வருகிறாள். அவருடைய சொற்கள் அறுந்தால், "உட்காருங்கள், தாத்தா" என்கிறாள். அவர் மூச்சைக் காக்கும் அப்பேச்சினால் அவளது தமிழும் வளர்கிறது. முதல் வாரம் புளியமரம். அடுத்த வாரம் கரும்புத் தோட்டம். ஒரு மாதத்தில் மாந்தோப்பைக் கடந்து நீவா ஆற்றங்கரை. "இந்த ஆறுதான் பொன்னையாறு என்ற பெயரோடு நம் பாலாற்றில் போய்ச் சேர்கிறது" என்று தாத்தா கூறும்போது, பேத்தி ஆற்றின் போக்கை நெடுநேரம் பார்க்கிறாள்.

நலம் பெற்றால் திருமலைக்கு நடந்தே ஏறுவதாகத் தாத்தா நேர்ந்துகொண்டிருந்தார். அலிபிரியிலிருந்து செல்லும் அப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர், படிகள் 3550. பழந்தமிழர் தம் நிலத்தின் வட எல்லையாகக் கொண்ட வேங்கடம் அதுவே. ஆற்றங்கரை வரை நடந்தவருக்கு இனி எதுவும் எளிது என்ற துணிவு பிறந்தது. ஆனால் சமநிலத்தில் நடப்பது வேறு. படி ஏறுவது வேறு. ஒவ்வொரு படியிலும் உடலின் முழு எடையையும் மேலே தூக்க வேண்டும். அறுபது வயதைக் கடந்தோரும் இதய நோய் உள்ளோரும் நடந்து ஏறுவதைத் தவிர்க்குமாறு திருமலை திருப்பதி தேவஸ்தானமே அறிவுறுத்தியுள்ளது.

"நேர்ந்துகொண்டதை மீறலாமா?" என்று தாத்தா கலங்கினார். மருத்துவரோ, "பேருந்தில் செல்லுங்கள், அங்கே அளவோடு நடங்கள்" என்றார். பேத்தி மெல்லச் சொன்னாள்: "நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்றுதானே சாமியிடம் வேண்டினோம், தாத்தா?" அவர் விடை கூறவில்லை, ஆயினும் பேருந்திலேயே சென்றார்.

முன்னே செல்லத் துணிவு வேண்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்க அறிவு வேண்டும். நோயிலிருந்து மீள்வோருக்கு இவ்விரண்டும் தேவை. உங்கள் வீட்டில் எவரேனும் நோயுற்றுத் தேறி வந்தால், மருத்துவர் இசைவு பெற்று, அவருடன் நடந்து செல்லுங்கள். அவர் வேகத்திற்கு உங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வழியில் காணும் மரம், பறவை, நீர்நிலை ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களைக் கேளுங்கள். அவர் உடல் தேறும். உங்கள் சொல்வளமும் பெருகும்.