கறை குற்றமல்ல

அணுபுரம் டவுன்ஷிப் ஆட்களுக்குக் கடல் புதிதல்ல. கல்பாக்கம் போனாலும் கடல், மாமல்லபுரம் போனாலும் கடல். ஆனால் அலை உடையும்போது நுரை ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? தண்ணீருக்கும் நிறம் இல்லை, காற்றுக்கும் இல்லை. இரண்டும் குமிழியாகக் கலந்தால் மட்டும் வெள்ளை எங்கிருந்து வந்தது?

விஷயம் எளிதுதான். தண்ணீரிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து தண்ணீருக்கும் மாறும் ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சம் திசை மாறுகிறது. நுரைக்குள் அப்படி எக்கச்சக்கமான இடங்கள். எல்லா நிறமும் எல்லாப் பக்கமும் சிதறுவதால் கண்ணுக்கு வெள்ளை. இதே கூத்துதான் நம் வாய்க்குள்ளும் நடக்கிறது!

பல்லின் மேலுறையான எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். நல்ல எனாமல் வெளிச்சத்தைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். ஆரோக்கியமான பல்லில்கூட லேசான மஞ்சள் தெரிவது அதனால்தான். பேஸ்ட் விளம்பரத்தில் வரும் பளீர் வெள்ளையை நம்ப வேண்டாம்.

ஆக, வெளிச்சத்துக்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு. வந்ததில் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் சிதறும், கொஞ்சம் உறிஞ்சப்படும், மீதி கடந்து போகும். கூட்டினால் டேலி ஆகிவிடும்.

இந்தக் கணக்கையே மாற்றி எழுதும் தண்ணீர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில், பாறையிலிருந்து கரைந்த ஃபுளோரைடு நிலத்தடி நீரில் அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, ஈறுக்குள் உருவாகும் பல்லின் எனாமல் கெட்டிப்படாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். அந்தத் துளைகளில் வெளிச்சம் சிதறும். நுரை மாதிரியே வெள்ளைத் திட்டு! பாதிப்பு அதிகமென்றால், பல் முளைத்த பிறகு துளைகளில் நிறப்பொருள் ஏறி வெளிச்சத்தை உறிஞ்சும். அதுதான் பழுப்புக் கறை.

அழுக்கு இல்லை என்பதால் எத்தனை தேய்த்தாலும் போகாது. ஆனால் பார்க்கிறவர்கள் கேட்பது என்னவோ, "பல்லே விளக்க மாட்டியா?" என்றுதான். பள்ளிக்கூடத்தில் கேலி, பெண் பார்க்க வரும்போது முணுமுணுப்பு.. வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கப் பழகிவிடுகிறார்கள்.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் மூலம் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஞானப்பல் தவிர மற்ற நிலைப்பற்களின் எனாமல் சுமார் 8 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் நல்ல தண்ணீர், ஏற்கெனவே உருவான பல்லை மாற்றாது. எலும்பையும் மற்ற உறுப்புகளையும் காப்பாற்றும், அடுத்து வளரும் குழந்தையின் பல்லைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

அதனால் நண்பர்களே, யாருடைய பல்லிலாவது கறையைப் பார்த்தால் பிரஷ்ஷைப் பற்றி விசாரிக்காதீர்கள். சின்ன வயதில் அவர்கள் ஊர்க் குழாயில் என்ன வந்தது என்று கேளுங்கள்.