கணக்கிற்கு உரிய இடம்

இணையப்பக்கங்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றாக எழுதப்படுவனவல்ல. தலைப்பு, அட்டவணை முதலியவற்றின் அமைப்பை வார்ப்புரு ஒன்று தாங்கி நிற்கும். பெயரும் புள்ளியும் வரவேண்டிய இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கும். தரவுகள் வந்து அவ்விடங்களை நிரப்பும். நிரப்பும்போதே சிறு கணக்கொன்றையும் அங்கே செய்துவிட்டால் என்ன என்ற எண்ணம் செய்நிரல் எழுதுவோர்க்கு எழுவது இயல்பே.

அதன் விளைவை ஓர் உதாரணத்தாற் காணலாம். இரு வினாத்தாள்களில் மாணவி ஒருத்தி பெற்ற மொத்தப் புள்ளி 99 எனவும், சித்தியடையச் சராசரி 50 வேண்டும் எனவும் கொள்க. 99 ஐ 2 ஆல் வகுத்தால், ஜிஞ்சா என்னும் வார்ப்புரு மொழி 49.5 என விடை தரும். லிக்விட் மொழியோ, வகுக்கும் எண் நிறைவெண்ணாயின் பின்னத்தை நீக்கி 49 எனக் காட்டும். ஜாங்கோவின் வார்ப்புரு மொழியில் வகுத்தற்குறியே இல்லை. சலாகை வரைபின் அகலத்தைக் கணிக்கவென அமைந்த கட்டளையொன்றை வகுத்தலுக்கு வலிந்து பயன்படுத்துவோர் உளர். அது மட்டந்தட்டி 50 எனக் கூறும். கணக்கு ஒன்று; விடைகள் மூன்று. ஒன்றில் அவள் சித்தியடைகிறாள், ஏனையவற்றில் இல்லை.

ஜாங்கோவில் இக்குறை மறதியால் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரில், நாளிதழொன்றின் இணையப்பிரிவில் உருவாகி 2005 இல் வெளியிடப்பட்ட அது, பக்கத்தை வடிவமைப்போர் பணியையும் செய்நிரலாளர் பணியையும் வேறுபடுத்தி வைக்க விரும்பியது. தரவுகளின் மீது கணக்கிடுதல் வார்ப்புருவின் வேலையன்று என்பதை டெரன்ஸ் பார் 2004 இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலும் வலியுறுத்தினார்.

எல்லாக் கணக்கும் விலக்கத்தக்கதென்பதில்லை. வரிசை எண்ணிடல், ஒன்றுவிட்ட வரிகளுக்கு நிறம் மாற்றல் போன்றன தோற்றத்தைச் சார்ந்தவை. அவை வார்ப்புருவிலேயே இருக்கலாம். சராசரியோ பொருளைச் சார்ந்தது. பெறுபேற்றுப் பக்கம், சான்றிதழ், தரவரிசைப் பட்டியல் ஆகிய மூன்றிலும் அது தனித்தனியே கணிக்கப்படுமாயின், ஒன்றைத் திருத்தியவர் மற்றிரண்டை மறத்தல் கூடும். ஓரிடத்தில் ஒருமுறை கணித்து, சோதித்து, விடையை மட்டும் வார்ப்புருவிற்கு அனுப்புவதே முறை.

அரைப்புள்ளியை மேலே மட்டந்தட்டுவதா, கீழே விடுவதா என்பது பரீட்சையை நடத்துவோர் ஆராய்ந்து எடுக்கவேண்டிய முடிவு. வார்ப்புரு மொழியின் இயல்பு அதனைத் தானாகவே செய்துவிடும்போது, எவரும் எடுக்காத ஒரு முடிவு மாணவியொருத்தியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. தவறு நேர்ந்தது எங்கே என்பதும் அப்பக்கத்தைப் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.