300 என்று எழுதியிருந்தது

ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன். டீ வாங்கி வருவது, பார்சல் கட்டுவது, கூட்டுவது. போர்டைத் தொடக்கூடாது. "தொடாதடா, ஸ்டேட்டிக்" என்பார் ஓனர். ஊரில் தொடாதே என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இங்கே விஞ்ஞானம் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் சில்லைக் கொன்றுவிடும்தான். ஆனால் ஓனரின் மச்சான் வெறுங்கையால் ரேமை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான். அவன் உடம்பில் மட்டும் மின்சாரம் கிடையாது போலிருக்கிறது. நான் தொடாமலே, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

2000 தொடக்கத்தில் அந்த வேலையை விட்டேன். வியாசர்பாடியில் அக்கா வீட்டு முன்னறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, டைப்பிங் சென்டர் போட்டோம். அக்காவின் வளையல் ரெண்டும் அடகுக்குப் போச்சு. அந்தப் பணத்தில் வாங்கிய பழைய பெட்டிக்குள் இருந்தது செலரான் 300ஏ. இன்டெல் 1998 ஆகஸ்டில் வெளியிட்ட மலிவு ரகம். அதே மாதம் வந்த பென்டியம் டூ 450 இதைப்போல நாலு மடங்குக்கும் மேலே விலை.

எம்.ஃபில். ஆய்வேடு அடிப்பேன், பக்கம் ஆறு ரூபாய். ஏப்ரல் 14 நெருங்கினால் நோட்டீசும் போஸ்டரும் வரும். கோரல்டிராவில் அம்பேத்கர் படத்தைப் பெரிதாக வைத்துச் சுற்றி எழுத்துப் போட்டால், ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் திரை மேலிருந்து கீழே கோடு கோடாக வரைந்து முடிக்கும்வரை காத்திருக்கணும். பெஞ்சில் பசங்க உட்கார்ந்திருப்பாங்க. "அண்ணே, விடிஞ்சிடும்ணே." எனக்குக் கடையில் கேட்ட பேச்சு ஞாபகம் வந்தது: 300ஏ என்பது உண்மையில் 450.

விஷயம் இதுதான். போர்டு ஒரு தாளம் போடுகிறது, நொடிக்கு 66 மில்லியன் தட்டு. சில்லு அதை நாலரையால் பெருக்கி 300 ஆக்கிக்கொள்கிறது. அந்த நாலரையை இன்டெல் உள்ளேயே பூட்டிவிட்டது. போர்டின் தாளத்தை மட்டும் மாற்றலாம். 100 ஆக்கினால் 450. சில்லு தாங்குமா? பெரும்பாலும் தாங்கும். ஏனென்றால் ஒரே தட்டில் சுட்ட சில்லுகளைச் சோதித்துப் பார்த்துத்தான் மேலே எண் குத்துகிறார்கள். மலிவு ரகத்துக்குச் சந்தையில் கேட்பு அதிகம் இருந்தால், கூடுதலாக ஓடக்கூடியதன் மேலும் சின்ன எண்ணையே குத்தி அனுப்புவார்கள். இதைச் சொன்னபோது ஒரு தோழர் துள்ளிக்குதித்தார். "இது நம்ம கதைதானய்யா, எழுதுய்யா" என்றார். எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. சில்லை யாரும் ஊருக்கு வெளியே வைக்கவில்லை. சூடேறினால் சுவிட்சை அணைத்துவிடலாம்.

எனக்குப் பயம். ஒரே பெட்டிதான், அதுவும் வளையல் பெட்டி. எரிந்தால் இன்னொன்று வாங்க ஆகிறவன் ஓட்டுவதும் நான் ஓட்டுவதும் ஒன்றில்லை. அதனால் 100 வேண்டாம், நடுவில் நிற்போம் என்று ஜம்பரை மாற்றி 83இல் வைத்தேன். 375 வந்தது. மூணு நாள் சும்மா பறந்தது. நாலாம் நாள் ஆய்வேடு கொடுத்த பெண் திருத்தம் பார்க்க வந்தாங்க. மூணாவது இயல் திறக்கவில்லை. திறந்த பக்கங்களிலும் கட்டம் கட்டமாகக் குப்பை. ஃப்ளாப்பியில் முதல் ரெண்டு இயல்தான் இருந்தது. "அண்ணா, அடுத்த வாரம் சப்மிட் பண்ணணும்." அவங்க கை நடுங்கியது. நான் வைரஸ் என்று சொன்னேன்.

வைரஸ் இல்லை. போர்டின் தாளத்தைப் பாதியாக்கித்தான் ஹார்டு டிஸ்க் இருக்கிற பி.சி.ஐ. பாதைக்கு அனுப்புகிறார்கள். 66இல் பாதி 33, அதுதான் அந்தப் பாதைக்கு விதித்த அளவு. 83 ஆக்கினால் 41.5. சில்லு தாங்கியது, டிஸ்க் பாதை தாங்கவில்லை. எழுதும்போதே எழுத்து கெட்டுப்போனது. 100க்குப் போயிருந்தால் போர்டு பாதியாக்காமல் மூன்றால் வகுக்கும், திரும்ப 33தான். நான் பத்திரம் என்று நினைத்து நின்ற நடுப்படிதான் உளுத்த படி. மூணு ராத்திரி உட்கார்ந்து அந்த இயலைத் திரும்ப அடித்தேன், காசு வாங்கவில்லை. உண்மையை மட்டும் சொல்லவில்லை. இதைப் படித்தால் அவங்க தெரிஞ்சுக்கட்டும்.

பிறகுதான் ஒழுங்காக ஆரம்பித்தேன். முதலில் எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் ரெண்டு படி. 66க்கான ரேமைக் கொடுத்து, மேலே காசு போட்டு 100க்கானதை மாற்றினேன். எங்கள் போர்டில் 100க்கு ஜம்பர் கிடையாது. செருகியிருக்கும் அட்டை 'நான் 100' என்று சொன்னால்தான் கொடுக்கும். அட்டையின் ஓரத்தில் 242 தங்கப் பட்டைகள். அதில் பி21 என்பதை மறைத்தால், போர்டு அதை 100 வகை என்று எடுத்துக்கொள்ளும். செல்லோடேப் சூட்டில் பிசுபிசுக்கும் என்று அக்காவின் நகப்பூச்சைத் தீக்குச்சி முனையில் தொட்டு வைத்தேன். பட்டைகள் மாறி மாறி ரெண்டு வரிசையாக இருக்கும், எண்ணிக்கை தப்பும். மூணு தடவை எண்ணினேன். தொடுவதற்கு முன் பெட்டியின் இரும்பைப் பிடித்து உடம்பு மின்சாரத்தை இறக்கினேன். ஓனர் சொன்னது அந்த ஒரு விஷயத்தில் சரிதான்.

450 என்று திரையில் வந்தது. அக்கா, "என்னடா, அழுவுற?" என்றாள்.

வந்தது நிற்கணுமே. பிரவுசிங் சென்டரில் பிரைம்95 என்ற நிரலை ஃப்ளாப்பியில் இறக்கி வந்தேன். அது சில்லுக்கு இடைவிடாமல் கணக்குக் கொடுத்து, விடையைத் தெரிந்த விடையோடு ஒப்பிடும். ஒரு பிழை வந்தாலும் நின்றுவிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு நின்றது. வோல்டேஜை ஏற்றினால் நிற்கும் என்று கடையில் பேசிக்கொள்வார்கள். நான் தொடவில்லை. வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் சூடும் ஒன்றரை மடங்கு. வோல்டேஜ் ஏறினாலோ அதன் வர்க்கத்தில் ஏறும். 2.0ஐ 2.2 ஆக்கினால் அந்த ஒன்றரை மடங்குக்கு மேலே இன்னும் நூற்றுக்கு 21. அதற்குப் பதில் தூசி தட்டி, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசையை மெல்லிசாகத் தடவி, பெட்டியின் பின்பக்கம் இன்னொரு ஃபேன் வைத்தேன். அன்றைக்குப் பதினாறு மணி நேரம் பிழையில்லாமல் ஓடியது. ஏப்ரல் போஸ்டர் எல்லாம் அதில்தான் போட்டோம்.

மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் அறையில் மத்தியானம் மறுபடி பிழை. சண்டை போடவில்லை. ரிமூவரால் நகப்பூச்சைத் துடைத்து 300க்கு இறக்கினேன். மழை விழுந்ததும் திரும்பப் பூசினேன். ஆறு வருஷம் இப்படியே போச்சு. வளையல் ரெண்டாம் வருஷமே மீண்டு வந்தது.

இப்போது அக்கா மகன் செகண்ட்ஹேண்டில் ஐ5-2500கே வாங்கி வந்திருக்கிறான். 2011இல் வந்தது. கே என்றால் பெருக்கல் எண் பூட்டாதது. அவன் 33ஐ 40 ஆக்கினான், 4 கிகாஹெர்ட்ஸ். நல்லவேளை, போர்டு இசட்68. எச்61 ஆக இருந்தால் அதுவும் முடியாது. அடிப்படைத் தாளம் 100ஐத் தொட்டுடாதே என்றேன், இந்தச் சில்லில் டிஸ்க் பாதை உட்பட எல்லாமே அதில்தான் தொங்குகிறது. ஒரு படி ஏற்று, நோட்டில் எழுது, ராத்திரி முழுக்க ஓட்டு, சூடு 80ஐத் தாண்டினால் இறங்கு. "இப்பல்லாம் சூடானா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும் மாமா" என்கிறான். குறைச்சுக்கும்தான். கெட்டுப்போன ஃபைலை அது திருப்பித் தராது என்றேன். பென்டிரைவைத் தேடிக்கொண்டிருக்கிறான்.